அலுமாரித் தட்டில் ஒரு நத்தார்

பூச்சி உருண்டை வாசமும் அப்போதுதான் வெட்டிய அன்னாசிப்பழத்தின் வாசமும் கலந்து மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு அடிவயிறு சில்லிட்டுப் போகிறது. தனித்தனியாக வந்தால் ஒன்றுமில்லை. அன்னாசியை விரும்பித் தின்கிறவள் நான். பூச்சி உருண்டை மணக்கும் சேலையைக் கட்டிக்கொண்டு எத்தனையோ கல்யாண வீடுகளுக்குப் போய்வந்திருக்கிறேன். இரண்டும் சேர்ந்து வந்தால் மட்டும், நான் எங்கே நின்றாலும், என் காது தானாகவே பின்கதவுப் பக்கம் திரும்பி, அங்கே "ஸ்ஸ்" என்று ஏதாவது கேட்கிறதா என்று தேடத் தொடங்கிவிடும்.

அது கேஸ் சிலிண்டர்கள் வெடித்துக்கொண்டிருந்த காலம். அப்போது இலங்கையில் இருந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முந்திய அந்த வாரங்களில் இன்றைக்கு ஓர் ஊர், நாளைக்கு இன்னோர் ஊர் என்று வீட்டுக் குசினிகளில் அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்தன. இரவுச் செய்தியில் கரிபிடித்த சுவர்களையும் நொறுங்கிக் கிடந்த கண்ணாடி அடுப்புகளையும் காட்டினார்கள். ஏன் வெடிக்கிறது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எந்தக் காரணமும் பயத்தைக் குறைக்கவில்லை. நான் பிறவியிலேயே பயந்த சுபாவம். பல்லி, பலூன், பல் டாக்டர் என்று எல்லாவற்றுக்கும் நடுங்கி, வீட்டில் "பயந்தாங்கொள்ளி" என்று பட்டம் வாங்கியவள். அந்த வருடம் ஊரே என்னோடு சேர்ந்து பயந்ததால், பயப்படுவதில் இருந்த வெட்கமாவது எனக்கு இல்லாமல் போனது.

கண்டி டவுனிலிருந்து மலையில் ஏறும் ஒரு குறுக்கு ரோட்டில், ஒரு வீட்டின் மாடியில் அப்பா, அம்மா, அக்கா, நான் என்று நாலு பேரும் வாடகைக்கு இருந்தோம். மாடி என்று பெயர்தானே தவிர, பின்கதவைத் திறந்தால் காலடியில் மண். சரிவில் கட்டிய வீடுகள் எல்லாம் அப்படித்தான். பின்முற்றத்தில் ஒரு ஜம்பு மரமும் ஒரு தண்ணீர் பைப்பும் துணி காயப்போடும் கம்பியும் இருந்தன. ஒரு சனிக்கிழமை காலை நாங்கள் பாணும் சம்பலும் தின்றுகொண்டிருந்தபோது, நாலு வீடு தள்ளி ஒரு சத்தம் கேட்டது. பட்டாசுச் சத்தம் மாதிரி இல்லை. பெரிய அலுமாரி ஒன்று முகம் குப்புற விழுந்ததைப் போலிருந்தது. வெளியே ஓடிப் பார்த்தால், அந்த வீட்டு ஸ்ரீயானி அக்கா ஒரு கையில் குழந்தையும் மறுகையில் அகப்பையுமாக ரோட்டு நடுவில் நின்று, வாய் திறந்து அழ முடியாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் காயமில்லை. அவளுடைய குசினி ஜன்னலில் திரை இருந்த இடத்தில் கறுப்பாக ஏதோ தொங்கியது. அன்றைக்கு இரவுச் செய்தியில் எங்கள் ரோட்டின் பெயரையும் சொன்னார்கள்.

அப்பா இரும்புச் சாமான் கடையில் விற்பனையாளர். ஆணி, பைப், வால்வு எல்லாம் தெரிந்த மனிதர். அவரே மறுநாள் எங்கள் சிலிண்டரைக் கழற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல் இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டுபோய் ஜம்பு மரத்தடியில் வைத்து, நனைத்த சாக்கினால் மூடியதைக் கண்டபோதுதான் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. தெரிந்தவரே பயந்தால் தெரியாதவர் என்ன செய்வது? காலையிலும் மாலையிலும் சாக்கை நனைப்பது என் வேலையாயிற்று. வாளித் தண்ணீரைத் தூரத்தில் நின்றே வீசிவிட்டு ஓடிவந்துவிடுவேன். அதில் பாதி ஜம்பு மரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அம்மாவோ வீட்டுக்குள் "வெடி" என்ற சொல்லையே சொல்ல விடமாட்டார். "அது" என்றுதான் சொல்ல வேண்டும். "நெருப்புன்னு சொன்னா வாய் வெந்திருமா?" என்று அப்பா சிரிப்பார். சிரித்துவிட்டுப் பின்கதவை ஒருமுறை எட்டிப் பார்ப்பார்.

சமையலுக்கு, கீழ்வீட்டு ஆன்டி தன் விறகடுப்பைக் காலை நேரத்தில் எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். அவர் நத்தார் லீவுக்கு மகள் வீட்டுக்குப் போனபோது குசினியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். எங்களிடம் ஒரு ரைஸ் குக்கர் இருந்தது. அதைப் போட்டால் மாடி முழுவதற்கும் கரண்ட் நின்றுபோகும். முற்றத்தில் மூன்று கல் வைத்து விறகு எரிக்கலாமே என்றால், முற்றத்தில்தான் சிலிண்டர் இருந்தது. நாலு பேரும் பாண், வாழைப்பழம், சந்திக் கடைத் தேத்தண்ணி என்று ஓட்டிக்கொண்டிருந்த நாளில்தான் அந்தப் போன் வந்தது.

பேசியவர் அம்மாவின் அண்ணன். அவருக்கு எங்கள் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. "நத்தாருக்கு வர்றேன், வீட்டுல இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அம்மா போனைப் பிடித்தபடி கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

இதைப் புரிந்துகொள்ள அம்மாவின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். அம்மா ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். மாரியம்மன் கோயில் திருவிழாவில் முளைப்பாரி எடுத்தவர். கண்டியில் துணிக்கடையில் வேலைக்கு நின்றபோது வேதக்காரரான அப்பாவை விரும்பி, ஞானஸ்நானம் வாங்கி மாதா கோயிலில் தாலி கட்டிக்கொண்டார். தாய் தகப்பன் இல்லாத அம்மாவைத் தூக்கி வளர்த்தவர் அந்த அண்ணன்தான். செய்தி கேட்ட அன்று, "தங்கச்சியத் தலைமுழுகிட்டேன்" என்று லயத்து வீடுகளில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாராம். அக்கா பிறந்தபோதும் வரவில்லை. நான் பிறந்தபோதும் வரவில்லை. நான் மாமாவைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. தலைமுழுகியவர் என்று கேட்டுக் கேட்டு, எப்போதும் ஈரத் தலையோடு கோபமாக நிற்கும் ஓர் ஆளைத்தான் மனதில் வைத்திருந்தேன். பல்லியோடும் பலூனோடும் அவரையும் சேர்த்துப் பயந்தேன்.

இப்போது அவரே வருகிறார். ஆனால் அம்மாவுக்குச் சந்தோஷத்தைவிடப் பயமே அதிகமாக இருந்தது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு: உறவு வேண்டாம் என்கிற வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள்கூடச் சம்பந்தம் சரியாகும்வரை, தட்டில் வைத்ததில் ஒரு பழத்தைக் கிள்ளுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து பிசைந்து சாப்பிட்டால்தான் உறவை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அம்மா அதையே இரவும் பகலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணே கை நனைக்காம போயிட்டாருன்னா அதோட முடிஞ்சிச்சு. எனக்குப் பொறந்த வீடுன்னு ஒன்னு இல்ல."

கடையில் பிரியாணி எடுக்கலாம் என்றார் அப்பா. இத்தனை வருடம் கழித்து வருகிற அண்ணனுக்குக் கடைச் சோறா என்று அம்மா அழுதார். அந்த அழுகைக்கு நடுவில் யோசனை சொன்னவள் என் அக்கா ஜெனிட்டா. அவள் கண்டியில் ஒரு டூரிஸ்ட் ஹோட்டலில், அடுப்பே இல்லாத "கோல்ட் கிச்சன்" என்ற பகுதியில் வேலை செய்தாள். பழம், மரக்கறி, சீஸ், இறைச்சித் துண்டு எல்லாவற்றையும் ஒரு பலகையில் அழகாக அடுக்கி மேசைக்கு அனுப்புவதுதான் அங்கே வேலை. வெள்ளைக்காரர்கள் நத்தாருக்கு விருந்தாளியை அப்படித்தான் வரவேற்பார்கள், அடுப்பே தேவையில்லை, பார்த்தாலே வயிறு நிறையும் என்றாள். அம்மா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். பழமும் பிஸ்கட்டும் வேண்டாத ஆளுக்கு வைக்கிற சாமான், அதை வைத்தால் நாமே உறவை வெட்டிவிட்டதாக அண்ணன் நினைப்பார் என்றார். ஆனால் வேறு வழி எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

அவ்வளவு பெரிய பலகைக்கு எங்கே போவது? அக்கா நேரே அம்மாவின் அலுமாரியைத் திறந்து, சேலைகளைக் கட்டிலில் போட்டுவிட்டு, நடுத்தட்டைக் கழற்றி எடுத்துவந்தாள். நல்ல அகலமான முதிரை மரப் பலகை. பைப்படியில் வைத்துத் தேசிக்காயும் உப்பும் போட்டுத் தேய்த்தோம். சவர்க்காரம் போட்டும் தேய்த்தோம். பூச்சி உருண்டை வாசம் போகவில்லை. தேய்க்கும்போதெல்லாம் சிலிண்டர் எனக்கு ஒரு கை தூரத்தில், ஈரச் சாக்குக்குள் தலையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் தேய்ப்பதை நிறுத்தி நிறுத்திக் காதைக் கொடுத்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பைப்பில் சொட்டிய தண்ணீரும் "ஸ்ஸ்" என்றுதான் கேட்டது.

நடுச்சாமப் பூசைக்கு அந்த வருடம் நாங்கள் போகவில்லை. "அதை" வீட்டோடு தனியே விட்டுப்போக அப்பாவுக்கு மனமில்லை. விடிந்ததும் காலைப் பூசைக்குப் போய்வந்து, பாலன் குடிலுக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, மேசையைச் சுற்றி நின்றுகொண்டு தட்டை அடுக்கத் தொடங்கினோம். வாழை இலை விரித்து, முதலில் கிண்ணங்களை வைத்தாள் அக்கா: ஒன்றில் அன்னாசி அச்சாறு, ஒன்றில் வெண்ணெய், ஒன்றில் முந்திரிப்பருப்பு. அவற்றைச் சுற்றி அன்னாசித் துண்டுகள், பப்பாசி, கொய்யா, தோலுரித்த தோடம்பழச் சுளைகள். அப்பாவோடு வேலை செய்யும் அலவத்துகொட முஸ்லிம் நானா ஒருவர் நத்தாருக்கென்று தந்த பேரீச்சம்பழத்தை வரிசையாக வைத்தாள். வெள்ளரிக்காயை வட்டமாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று சாய்த்தாள். வட்டப் பெட்டியில் வரும் முக்கோணச் சீஸ் துண்டுகளின் வெள்ளித்தாளை என்னை உரிக்கச் சொன்னாள். கடைசியாக ஹோட்டலிலிருந்து கொண்டுவந்த ஹாம் பன்றியிறைச்சித் துண்டுகளை மடித்து மடித்து, சிவப்பு ரோசாப்பூப் போல நடுவில் செருகினாள். பக்கத்தில் பிராந்தி ஊறிய நத்தார் கேக்.

வேலை எல்லாம் அழகாகத்தான் நடந்தது. பயம் மட்டும் எங்களை விட்டபாடில்லை. நத்தார் காலையில் ஊரெங்கும் பட்டாசு கொளுத்துவார்கள் என்பதை நாங்கள் மறந்தே போயிருந்தோம். ஒவ்வொரு வெடிக்கும் அம்மாவின் கையிலிருந்து கத்தி விழுந்தது. நான் ஒவ்வொரு வெடிக்கும் மேசைக்கடியில் குனிந்தேன். அக்கா சிரித்தாள், ஆனால் அவள் அடுக்கிய வெள்ளரிக்காய் வட்டங்கள் இரண்டு தடவை சரிந்து விழுந்தன. இடையில் அம்மா ஒரு டின்னைக் கொண்டுவந்து, கொஞ்சம் அவலைத் தேங்காயோடு பிசைந்து ஓரத்தில் வைத்தால் என்ன, அண்ணனுக்கு அவல் என்றால் உயிர் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அக்கா முகத்தைச் சுளித்து, அவலெல்லாம் "போர்ட்"டில் வைக்கிற சாமானில்லை, பார்வைக்கு எடுபடாது என்றாள். அம்மா டின்னை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார்.

கதவு தட்டப்பட்டது. அப்பா திறந்தார். வாசலில் கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு, நரைத்த தாடி, கழுத்தில் மணிமாலை, செருப்பில்லாத கால்களோடு ஒருவர் ஒரு பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமா ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். அம்மா வீட்டை விட்டு வந்த பிறகுதான் அவர் மலைக்குப் போகத் தொடங்கினாராம். எங்களுக்கு எப்படித் தெரியும்? "அண்ணே" என்று ஓடிவந்த அம்மா பாதி வழியில் நின்று, "சாமி" என்று கை கூப்பினார். அக்கா மேசைப் பக்கம் ஒரே எட்டில் பாய்ந்து மேசைவிரிப்பைத் தட்டின் மேல் இழுத்துப் போட்டாள். விரதக்காரருக்கு முன்னால் ஹாமும் முட்டை போட்ட கேக்கும்! அதுவும் எல்லாப் பழங்களையும் தொட்டுக்கொண்டு. அந்தத் தட்டிலிருந்து அவருக்கு ஒரு பேரீச்சம்பழம்கூட எடுத்துக்கொடுக்க முடியாது.

அவர் கதிரையில் உட்காராமல் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். அப்பா நாலு தடவை "வாங்க மச்சான்" என்றார். பிறகு, சந்திக் கடையில் தேத்தண்ணி வாங்கிவருகிறேன் என்று பிளாஸ்கை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அவர் போன பிறகு மாமா தரையைப் பார்த்தபடியே, தான் கடைத் தேத்தண்ணி குடிப்பதில்லை என்று மெதுவாகச் சொன்னார். நான் அம்மாவைப் பார்த்தேன். அழுவார் என்று நினைத்தேன். அம்மா அழவில்லை. எழுந்து குசினிக்குப் போனார். பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

நான் பின்னால் போனேன். அம்மா முற்றத்தில் சாக்கை இழுத்தெறிந்துவிட்டு, சிலிண்டரைச் சாய்த்து, அடிவளையம் உரசும் சத்தத்தோடு படி மேல் ஏற்றிக் குசினிக்குள் கொண்டுவந்துகொண்டிருந்தார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா என்னைப் பார்த்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"சத்தம் போடாத. என் கையால ஒரு பிளேன்டியாவது ஊத்திக் குடுக்காம எங்கண்ணன அனுப்ப மாட்டேன்."

அவசரத்தில் குழாய் அடுப்பில் சரியாக ஏறவில்லை. அம்மா அதைக் கவனிக்காமல் ரெகுலேட்டரைத் திறந்தார். இத்தனை நாளும் நான் பைப்பிலும் மழையிலும் காற்றிலும் கேட்டுக்கொண்டிருந்த அந்த "ஸ்ஸ்" இப்போது நிஜமாகவே கேட்டது. அழுகின முட்டை நாற்றம் அடித்தது. அம்மாவின் மற்றக் கையில் நெருப்புப் பெட்டி இருந்தது. வாழ்நாளில் ஒருமுறைகூட நான் கூப்பிட்டிராத ஆளைக் கூப்பிட்டேன்.

"மாமா!"

அவர் எப்படி வந்தார் என்று தெரியவில்லை. முதலில் நெருப்புப் பெட்டியைப் பிடுங்கிப் பின்கதவு வழியே எறிந்தார். பிறகு ரெகுலேட்டரை மூடினார். பிறகு சிலிண்டரை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டுபோய் ஜம்பு மரத்தடியில் வைத்தார். "லைட்டத் தொடாதீங்க, எல்லாரும் முன்பக்கம் போங்க" என்றார். அக்கா ஜன்னல்களைத் திறந்துகொண்டே வந்தாள். வாசற்படி இறங்கும்போதுதான் எனக்கு நினைவு வந்தது: குடிலுக்கு முன்னால் மெழுகுதிரி எரிகிறது. உள்ளே கையைக் காட்டினேன். மாமா திரும்பி உள்ளே போனார். ஜன்னல் வழியே நான் பார்த்தேன். மாட்டுக் கொட்டிலில் கிடந்த சின்ன இயேசு பாலனுக்கு முன்னால் கறுப்பு வேட்டியோடு மண்டியிட்டு உட்கார்ந்து, வாயால் ஊதாமல், விரல் நுனியில் எச்சில்கூடத் தொடாமல், ஒவ்வொரு திரியாக நசுக்கி அணைத்தார். விளக்கை வாயால் ஊதி அணைக்கக் கூடாது என்பது எங்கள் அம்மாவும் சொல்லுகிற விஷயம். எழும்பும்போது பாலனைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டார்.

ரோட்டுக்கு இறங்கும் கல்படிகளில் எல்லோரும் உட்கார்ந்தோம். எங்கோ ஒரு பட்டாசு வெடித்தது. நான் திடுக்கிட்டு மாமாவின் கையைப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கை என் கையைவிட மோசமாக நடுங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய மனிதர், சிலிண்டரைத் தனியாகத் தூக்கியவர், தலையைக் குனிந்துகொண்டு மூச்சு வாங்கினார். பிறகு அம்மாவைப் பார்க்காமலே பேசினார்.

"டீவியில ஒங்க ரோட்டுப் பேரச் சொன்னாங்க. யாரு வீடுன்னு சொல்லல. ஒன்னத் தலைமுழுகிட்டேன்னு ஊரெல்லாம் சொன்னவன் நான். அந்தப் பேரக் கேட்டதும் கைகால் ஓடல புள்ள. நம்பரத் தேடிப் புடிக்கிறதுக்குள்ள செத்துப் பொழச்சேன். ஒரு தேத்தண்ணிக்காக நீ இன்னைக்கி அதையே செய்யப் பாத்தியே."

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "அப்ப கை நனைக்காம போயிருவீங்களாண்ணே?" என்று கேட்டார். அதைக் கேட்டதும் மாமா முதல் முறையாக அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"மாலை போட்டவன் வெளி வீட்டுல சமைச்சதத் தொடக் கூடாது. நீ பெரிய விருந்தே ஆக்கி வச்சிருந்தாலும் அப்பிடியே எந்திரிச்சிப் போயிருப்பேன். சமைக்காதது ஏதாச்சும் இருந்தாக் குடு."

அடுப்பு எரிந்திருந்தால் அம்மா விடிய விடியச் சமைத்திருப்பார்; அவர் ஒரு பருக்கையும் தொடாமல் போயிருப்பார்; அம்மா அதை உறவை வெட்டிவிட்டதாகவே எடுத்துக்கொண்டு காலமெல்லாம் அழுதிருப்பார். அம்மா எழுந்து, நாற்றம் போய்விட்டதா என்று மூன்று தடவை மோந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். அவல் டின்னும், துருவிய தேங்காயும், மாமாவே பையில் கொண்டுவந்திருந்த வாழைப்பழமும் படிக்கு வந்தன. அம்மா புதிய இலையொன்றைக் கழுவி விரித்தார். மாமா செம்புத் தண்ணீரில் இரண்டு கைகளையும் கழுவினார். அம்மா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊறிய அவலைத் தேங்காயும் பழமும் சீனியும் சேர்த்து அவர் பிசைந்தார். ஒரு பிடி தின்றார். அடுத்த பிடியை உருட்டி அம்மாவின் கையில் வைத்தார். அதற்குப் பிறகு எங்களுக்கும் உருட்டித் தந்தார். நான் கண்ணீரும் சீனியுமாகத் தின்றேன். அப்பா பிளாஸ்கோடு ஏறிவந்து, கல்யாண வீட்டுப் பந்தி ரோட்டில் நடப்பதைக் கண்டவர்போல நின்றார்.

வீட்டுக்குள் திரும்பிய பிறகு மேசைவிரிப்பை எடுக்கச் சொன்னவர் மாமாதான். அக்கா பயந்து பயந்து எடுத்தாள். அவர் தூரத்தில் நின்று அந்தத் தட்டை நெடுநேரம் பார்த்தார். "சாமிக்கு அலங்காரம் பண்ணின மாதிரி இருக்கே, யாரு அடுக்குனது?" என்று கேட்டார். அக்கா முகம் மலர்ந்தது. "அந்தச் செவப்பு ரோசாப்பூவ மட்டும் எனக்குத் தெரியாம வச்சுக்கங்க" என்றும் சொன்னார். அவர் போன பிறகு, சாயங்காலம் ரோட்டுக்காரர்கள் எல்லோரும் வந்து அந்தத் தட்டைக் காலி செய்தார்கள். அன்னாசியில் பூச்சி உருண்டை மணக்கிறது என்று ஸ்ரீயானி அக்கா மட்டும்தான் சொன்னாள்.

அன்றிலிருந்து, வெடிப்புச் செய்திகள் ஓயும்வரை, ஒவ்வொரு மாலையும் மாமா போன் எடுத்தார். சுகம் விசாரிக்க மாட்டார். "அது வெளியதானே இருக்கு?" என்று கேட்பார். "வெளியதான் இருக்குண்ணே" என்பார் அம்மா. அவ்வளவுதான் பேச்சு. அம்மா அந்த நேரத்துக்கு முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. சிலிண்டர் குசினிக்குள் தன் பழைய மூலைக்கு வந்துவிட்டது; சாக்கும் இல்லை, சவர்க்காரத் தண்ணீர் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும் இல்லை. அக்கா தோஹாவில் இதைவிடப் பெரிய பலகைகளை அடுக்கிப் படம் அனுப்புகிறாள். அலுமாரித் தட்டு அச்சாற்றுக் கறையோடு மறுபடி சேலைகளுக்குள் போய்விட்டது. நான் பல்லேகலயில் வேலைக்குப் போய்வருகிறேன். பல்லிக்கு மட்டும்தான் பயப்படுகிறேன். பயம் போனதும் அந்த மாலை நேரத்துப் போனும் போய்விட்டது. மாமா சில நத்தார்களுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டு, உப்புக் கூட என்று குறையும் சொல்லிவிட்டுப் போனார். பிறகு முழங்கால் வலி என்றார், பஸ்ஸில் கூட்டம் என்றார். போன நத்தாருக்கு வரவில்லை. கோபம் எதுவுமில்லை. எல்லோரும் சுகமாக இருந்தால் இப்படித்தான்.

இந்த நத்தாருக்கு இரண்டு நாள் முன்பு, நான் வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அம்மா குசினியில் நின்று போனில் பேசுவது கேட்டது.

"ஒன்னுமில்லண்ணே. அடுப்புப் பக்கம் லேசா மணக்குற மாதிரி இருக்கு. நம்ம பழைய சிலிண்டர் மாதிரி."

பையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். போனுக்குள்ளிருந்து, வெளிய எடு புள்ள, எதையும் பத்த வைக்காத, காலையில மொத பஸ்ஸுக்கு வர்றேன் என்று மாமா கத்துவது எனக்கே கேட்டது. அம்மா சரிண்ணே, சரிண்ணே என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் குனிந்து சிலிண்டரை மோந்தேன். குழாயை மோந்தேன். அடுப்பை மோந்தேன். ஒன்றும் மணக்கவில்லை. நிமிர்ந்தபோது அம்மா போனை வைத்துவிட்டு, அவல் டின்னைத் திறந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.